மேடையில் வேறோர் அப்பா

அத்தியாயம் பதினேழு

அம்மாவின் திதிக்கு வர நேரமில்லை என்று சொன்ன புனிதன், கோலா சிலாங்கூரில் மாணவர் கூட்டம் நடந்த மண்டபத்துக்கு மட்டும் காலை எட்டரைக்கே வந்து நின்றான். அவன் அக்கா நவமணிக்கு அங்கேயே எரிச்சல் தொடங்கிவிட்டது.

திதி போன புதன்கிழமை. வடை, பாயசத்தோடு இலை போட்டு வைத்துவிட்டு, அப்பா குமரவேல் மாலை வரைக்கும் கேட்டைப் பூட்ட விடவில்லை. இருட்டிய பிறகு, "பிள்ளைக்கு வேலை ஜாஸ்தி" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டு, மகனுக்கென்று போட்ட இலையில் தானே உட்கார்ந்து சாப்பிட்டார்.

குமரவேலுக்கு எழுபத்து மூன்று வயது. கிளன்மோர் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் செம்பனைக் குலை வெட்டியவர். தோட்டத்து வீட்டைக் காலி செய்த நாளிலிருந்து பெஸ்தாரி ஜெயாவில் மகள் வீட்டில் இருக்கிறார். மகள் நவமணி கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை செய்கிறாள். மகன் புனிதன் கோலாலம்பூரில் என்ஜினியர். தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை அவன்தான்.

அவன் ஜொகூரில் படித்த பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு நடத்துகிறார்கள். இப்போது படிக்கிற பிள்ளைகள் ஐந்தாறு பேரை ஒவ்வொருவரும் பொறுப்பெடுத்துக்கொள்வார்கள். பாடம் புரியாவிட்டால் போனில் சொல்லித் தருவது, பயிற்சி வேலைக்கு இடம் பார்த்துத் தருவது, மனம் உடைந்தால் பேசித் தேற்றுவது என்று எல்லாமே சம்பளமில்லாத வேலை. செமஸ்டர் விடுமுறையில் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் வைப்பார்கள். இந்த முறை வட சிலாங்கூர்ப் பிள்ளைகளுக்காகக் கோலா சிலாங்கூரில் வைத்திருந்தார்கள்.

நவமணியின் மகள் திலகாவும் அதே பல்கலைக்கழகத்தில்தான் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன வருடமே அந்தக் குழுவில் சேர்ந்துவிட்டாள். தம்பியைத் திட்டிக்கொண்டே இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நவமணிக்கு அவன்மேல் உள்ளூரப் பெருமை உண்டு. கிளினிக்கில் அடிக்கடி பீற்றிக்கொள்ளவும் செய்வாள்.

அவன் பேசி அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இன்று கேட்டுவிடுவது என்று கிளம்பியபோது திலகா முகத்தைச் சுளித்தாள்.

"நீங்க வர வேணாம்மா. எல்லாம் ஸ்டுடண்ஸ்தான் இருப்பாங்க. உங்களுக்கு போர் அடிக்கும்லா."

"என் தம்பி பேசுறான். நான் கேட்கக்கூடாதா?" என்று நவமணி காரை எடுத்தாள்.

கிளம்பும்போது குமரவேல் இரண்டு கோப்பைத் தேத்தண்ணி கலக்கி வைத்திருந்தார். நவமணி குடித்தாள். திலகா தனக்கு வேண்டாம் என்று தலையைக்கூடத் திருப்பாமல் சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். ஒரு வருடமாகவே இப்படித்தான். தாத்தா பக்கத்தில் உட்காருவதில்லை, அவர் கொடுப்பதை வாங்குவதில்லை. போன தீபாவளிக்கு எண்ணெய் வைக்க வந்தவரிடம் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். படிப்பு ஏற ஏறத் திமிரும் ஏறுகிறது என்று நவமணி அவளைத் திட்டித் தீர்த்திருக்கிறாள்.

மண்டபத்தில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தார்கள். சுங்கை பஞ்சாங், தஞ்சோங் காராங், கோலா குபு பாரு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். நீல நிற டீ சட்டை போட்ட முன்னாள் மாணவர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். பல் டாக்டர் ஒருத்தி முதல் வருடத்தில் உடற்கூறுப் பாடத்தில் தோற்றதைச் சொன்னாள். நல்ல பேச்சு. நவமணி கை தட்டினாள்.

கடைசியாகக் குழுவின் தலைவி இந்திரகுமாரி மேடை ஏறினார். அந்தப் பல்கலைக்கழகத்திலேயே பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். வெள்ளை வெளேரென்ற தலைமுடி, பருத்திச் சேலை, அளந்து பேசும் தமிழ். புனிதனின் கதையைக் கேட்டு எத்தனை பிள்ளைகள் படிப்பை விடாமல் தொடர்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு மைக்கை அவனிடம் கொடுத்தார்.

புனிதன் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து ஆரம்பித்தான். ஒழுகும் கூரை, வரிசையாக நின்று பிடித்த தண்ணீர் என்று அவன் சொன்னதெல்லாம் நவமணி கூட இருந்து பட்டதுதான். அவளுக்குக் கண் கலங்கியது. பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான்.

"எங்கப்பா சம்சு சாராயம் போடாத நாளே இல்ல. பரீட்சைக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப, போதையில என் புத்தகத்த எல்லாம் வாரி அடுப்புல போட்டாரு. எரியிற புத்தகத்த இந்தக் கையாலதான் இழுத்தேன்." சட்டைக் கையைச் சுருட்டி முழங்கைக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டினான். "அன்னைக்கு முடிவு பண்ணேன், இந்த மனுஷன் மாதிரி நான் ஆகக்கூடாதுன்னு."

நவமணிக்கு முதலில் புரியவில்லை. வேறு யாருடைய அப்பாவைப் பற்றியோ சொல்கிறான் என்றுதான் நினைத்தாள்.

அந்தத் தழும்பு அவளுக்குத் தெரியும். பதினைந்து வயதில் பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளைச் சொல்லாமல் எடுத்து ஓட்டி, விழுந்து, புகைக்குழாயில் சுட்டுக்கொண்டது. பல் விளக்கும் பசையை அப்பிவிட்டவளே அவள்தான். சம்சு வாசம் பட்டாலே அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். கல்யாண வீடுகளில் கூட்டாளிகள் வற்புறுத்தினாலும் சிரித்துக்கொண்டே ஆரஞ்சு பாட்டிலை எடுத்துக்கொள்கிற மனுஷன். புனிதனின் எஸ்.டி.பி.எம். பரீட்சைப் புத்தகங்களுக்குப் பழைய காலண்டர் தாளில் ஒவ்வொன்றாக அட்டை போட்டுக் கொடுத்தது அவர்தான்.

முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். மண்டபம் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. நவமணி திரும்பித் தன் மகளைத் தேடினாள். திலகா குனிந்து தன் கால் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவளுக்கு இது தெரியும். முன்பே கேட்டிருக்கிறாள். அதனால்தான் அம்மாவை வர வேண்டாம் என்றாள். ஒரு வருடமாகத் தாத்தா கொடுக்கும் தேத்தண்ணியைத் தொடாததும் அதனால்தான்.

நவமணிக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது.

புனிதன் பேசி முடித்ததும் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் இந்திரகுமாரி மைக்கைப் பிடித்து, திலகாவின் அம்மாவான புனிதனின் அக்காவும் இன்று வந்திருப்பதாகவும், அதே வீட்டில் அதே துன்பத்தைத் தாங்கி வளர்ந்தவர் என்றும் சொல்லி, இரண்டு வார்த்தை பேச நவமணியை அழைத்தார்.

புனிதனின் முகம் வெளிறியது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவை அவன் அப்போதுதான் பார்த்தான்.

நவமணி மேடைக்குப் போனாள். மைக்கை வாங்கினாள். சொல்வதற்கு எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் எதை இழுத்தாலும் இன்னொன்றும் சேர்ந்து வெளியே வரும். அதைச் சொல்லமாட்டேன் என்று அவள் அப்பாவிடம் சத்தியம் செய்திருந்தாள். இருபது வருடமாகப் பெற்ற தாயிடமும் கட்டிய கணவனிடமும்கூடச் சொல்லவில்லை.

"எங்கப்பா என் வீட்டுலதான் இருக்காரு," என்றாள். "இன்னைக்குக் காலையில அவரு கலக்கிக் கொடுத்த தேத்தண்ணியக் குடிச்சிட்டுத்தான் வந்தேன்."

அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. பிறகு மண்டபமே மறுபடி எழுந்து கை தட்டியது. அப்படிப்பட்ட தகப்பனையும் வைத்துப் பார்த்துக்கொள்கிற மகள் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். இந்திரகுமாரி அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். தன் மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது நவமணிக்கு.

சாப்பாட்டு நேரத்தில் புனிதனை மண்டபத்தின் பின்பக்கம், கார்கள் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப் போனாள்.

அவன் மன்னிப்புக் கேட்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவனோ விளக்கம் சொன்னான். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு பையன் படிப்பை விடப்போவதாக வந்து உட்கார்ந்தானாம். அவன் அப்பா குடிகாரர். அவனைப் படிப்பில் தக்கவைக்க எதையாவது சொல்ல வேண்டுமே என்று புனிதன், எங்கள் வீட்டிலும் ஒருவர் குடிப்பார் என்று சொன்னானாம். பையன் படிப்பைத் தொடர்ந்தான். அடுத்த கூட்டத்தில் அந்த ஒருவர் அப்பாவானார். அதற்கடுத்த கூட்டத்தில் புத்தகம் எரிந்தது. கேட்டு அழாத பிள்ளை இல்லை என்றான்.

"பத்துப் பன்னெண்டு பேரு டிகிரி வாங்கிட்டாங்கக்கா. அப்பாவுக்கு இங்க யாரைத் தெரியும்? அவருக்கு என்ன நஷ்டம்?"

"திலகா இருக்காளே. ஒரு வருஷமா அவரு கையால எதையும் வாங்கித் தின்னமாட்டேங்குறா. அந்த நஷ்டத்த யாருகிட்ட கேட்கறது?"

புனிதன் மண்டபத்துப் பக்கம் திரும்பினான்.

"குடிச்சது யாருடா?" என்றாள் நவமணி. சத்தம் போடாமல்தான் கேட்டாள்.

அவன் தலை குனிந்தான்.

இரண்டாம் ஆண்டில் குடித்தது அவன். விடுதி அறையில் நாலு மாதம் குடித்துக்கொண்டு வகுப்புக்குப் போகாமல், எல்லாப் பாடத்திலும் தோற்று, நீக்கப்போகிறோம் என்று கடிதம் வந்த பிறகு, பொதுத் தொலைபேசியிலிருந்து அக்காவைக் கூப்பிட்டு அழுதவன். நவமணி அப்பாவிடம் மட்டும் சொன்னாள். குமரவேல் தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் மூன்று நாள் லீவு கேட்டு, இருந்த ஒரே நீளக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, பஸ் மாறி மாறி ஜொகூர் போய்ச் சேர்ந்தார். அதற்கு முன் அவர் பக்கத்திலிருந்த கிள்ளான் நகரைத் தாண்டியதில்லை. இரண்டு நாள் அலுவலக வாசலில் நின்றார். இரவில் பஸ் நிலையத்தில் படுத்தார். மூன்றாம் நாள் காலையில் அங்கிருந்த அதிகாரி இரக்கப்பட்டு உள்ளே விட்டார். தோட்டத்து மலாயில், என் மகன் நல்லவன், ஒரு தடவை மட்டும் என்று கை கூப்பினார். ஒரு செமஸ்டர் அவகாசம் கிடைத்தது.

திரும்பி வந்ததும் அவர் மகளிடம் கேட்ட ஒரே ஒரு விஷயம், இது யாருக்கும் தெரியக்கூடாது, தம்பி பேர் கெட்டுவிடும் என்பதுதான்.

"அவரு உன் பேரக் காப்பாத்தினாரு. நீ அவரு பேர வித்துக் கைத்தட்டல் வாங்குற," என்றாள் நவமணி. "உண்மையச் சொல்லியிருந்தா அந்தப் பிள்ளைங்க படிச்சிருக்கமாட்டாங்களா? குடிச்சுக் கெட்டவன் எழுந்து வந்த கதை உனக்குக் கசந்துச்சா?"

"நான்தான் அதுன்னு எப்பிடிக்கா சொல்றது? இங்க எல்லாரும் என்னைய..." அவன் முடிக்கவில்லை.

அப்போது இந்திரகுமாரி முகமெல்லாம் சிரிப்பாக அவர்களைத் தேடிக்கொண்டு வந்தார். நல்ல செய்தி ஒன்று இருக்கிறது என்றார். அடுத்த சனிக்கிழமை புஞ்சாக் ஆலாமில் குழுவின் பத்தாம் ஆண்டு நிறைவு விழா. நானூறு பேர் வருவார்கள். அன்று புனிதனின் அப்பாவை மேடைக்கு வரவழைத்து, எல்லார் முன்னிலையிலும் மகன் அவரை மன்னித்து மாலை போடப்போகிறான்.

"வெறுப்போடு வாழ வேண்டாம் என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட வேறு என்ன வேண்டும்? நீங்கள் சிரமப்பட வேண்டாம் அம்மா, நாங்களே அவரை அழைத்துக்கொள்கிறோம்," என்று நவமணியின் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

நவமணி தம்பியைப் பார்த்தாள். அவன் அதிர்ச்சி அடையவில்லை. அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"உன்கிட்ட பேசத்தான் இருந்தேன்," என்றான் அவசரமாக. "அப்பாவுக்கு உடம்பு முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லிடுக்கா. அதோட விட்டுடுவாங்க. இனிமே அந்தக் கதைய நான் பேசமாட்டேன், சத்தியமா."

இன்னொரு பொய், அதையும் அவள் வாயால் சொல்ல வேண்டுமாம். திதிக்கு வர நேரமில்லாதவனுக்கு இதைக் கேட்க நேரம் இருக்கிறது. கை ஓங்கும் அளவுக்கு ஆத்திரம் வந்தது. ஓங்கவில்லை. திரும்பி நடந்து, திலகாவைக் கூட்டிக்கொண்டு காரை எடுத்தாள்.

புக்கிட் ரோத்தான் தாண்டியதும், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பாதையில் நவமணி காரை ஓரம் கட்டினாள்.

ஏன் தன்னிடம் கேட்கவில்லை என்று மகளிடம் கேட்டாள். எப்படிக் கேட்பது என்றாள் திலகா. மாமா அழுதுகொண்டே சொன்னதை எப்படிப் பொய் என்று நினைப்பது. பழசைக் கிளறினால் அம்மா வருத்தப்படுவாள் என்றுதான் பேசாமல் இருந்தாளாம். தாத்தா தலையில் எண்ணெய் வைக்க வந்தபோது எரிகிற அடுப்புதான் கண் முன்னால் தெரிந்ததாம்.

நவமணி சத்தியத்தை அங்கே வைத்து உடைத்தாள். விடுதி அறையிலிருந்து பஸ் நிலையம் வரைக்கும் ஒன்றையும் மறைக்கவில்லை. திலகா அழுவாள் என்று நினைத்தாள். அவள் அழவில்லை. முகம் சிவந்து போயிற்று.

"போன செமஸ்டர் ரெண்டு பேப்பர் ஃபெயில்மா," என்றாள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு. "மாமாகிட்ட சொன்னா கேவலமா நினைப்பாருன்னு சொல்லல. எரியிற புத்தகத்த இழுத்துப் படிச்சவருகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்றது? அவரு ஒரு செமஸ்டரே தோத்தவருன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

நவமணிக்கு மகள் தோற்றதில் கோபம் வரவில்லை. எல்லாக் கோபமும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்கு வந்தபோது முன்கூடத்தில் இஸ்திரிப் பலகை விரித்திருந்தது. குமரவேல் பேத்தி பிறந்த வருடம் தைத்த வெள்ளைச் சட்டையைத் தேடி எடுத்து, சிரித்த முகத்தோடு தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நவமணி பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

தம்பியின் குழுவிலிருந்து ஓர் அம்மா இப்போதுதான் போன் அடித்ததாகச் சொன்னார். திலகா அந்தக் குழுவில் சேர்ந்தபோது விண்ணப்பப் பாரத்தில் தாத்தாவின் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். அதைப் பார்த்து அழைத்தார்களாம்.

"மேடையில என்னைய உட்கார வைக்கப் போறாங்களாம்," என்றார். "நானூறு பேரு முன்னாடி மன்னிப்பு, மாலைன்னு ஏதோ சொன்னாங்க, அது சரியா விளங்கல. எல்லாக் கூட்டத்துலயும் என்னையப் பத்தித்தான் பேசுறானாம் உன் தம்பி. நான் என்னமோ மறந்துட்டான்னு நினைச்சேன். வர்றேன்னு சொல்லிட்டேன்."

திலகா நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு போய் அவர் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து, குமரவேல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே அவளைப் பார்த்தார்.

நவமணியால் அங்கே நிற்க முடியவில்லை. பின்கட்டுக்குப் போய்த் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் எடுத்ததும் அவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அப்பா வர்றாரு. உடம்புக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்காரு, சட்டைய இஸ்திரி போட்டுட்டு இருக்காரு. நான்தான் கூட்டிட்டு வருவேன். உனக்கு ஏழு நாள் இருக்கு. அப்பாவக் குடிகாரன்னு சொன்னியே, புத்தகத்த எரிச்சாருன்னு சொன்னியே, அதே வாயால அது பொய்யின்னு அந்தப் பிள்ளைங்ககிட்ட சொல்லு. யாரு குடிச்சான்னும் சொல்லு. அவரு மேடை ஏறுறதுக்கு முன்னாடி நீ சொல்லலன்னா நான் ஏறிச் சொல்லுவேன். இன்னைக்கு மாதிரி தேத்தண்ணிக் கதை பேசமாட்டேன்."

அந்தப் பக்கம் புனிதன் ஏதோ கெஞ்சத் தொடங்கினான். அவள் போனை அணைத்தாள்.

திரும்பியபோது சமையலறைக் கதவருகே அப்பா நின்றிருந்தார். கையில் அந்த வெள்ளைச் சட்டை இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. ஆனால் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

நவமணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சும்மா ஒரு பேச்சு, தம்பி விளையாட்டாகச் சொன்னது, விழாவுக்குப் போக வேண்டாம் என்று என்னென்னவோ உளறினாள். அவர் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை.

"சம்சுவா?" என்று மட்டும் கேட்டார்.

நவமணி ஆமாம் என்று தலையசைத்தாள்.

இருபது வருடத்துக்கு முன்னால் இரண்டு நாள் வாசலில் நின்றுவிட்டு வந்தபோதுகூட அவர் மகனைப் பற்றி ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. திதிக்கு வராததற்கும் சொன்னதில்லை. இப்போது அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"நான் போவேன்," என்றார் குமரவேல். "நீ குறுக்க வராத. அவனுக்குப் போன் அடிச்சு எதையும் சொல்லவும் வேணாம். நானூறு பேரு முன்னாடி என்னைய மன்னிக்கப் போறான்ல? என் முகத்தப் பாத்து மன்னிக்கட்டும்."

உள்ளே போய், சட்டையைப் பலகையில் விரித்து, இஸ்திரி போடாத கைப்பக்கத்தை நீவிவிட்டுப் பெட்டியை எடுத்தார்.